ராக்கெட் சத்தமும் சட்டை லேபிளும்: ஆட்டிசம் குழந்தைகளுக்கு ‘சென்சரி தெரபி’ உண்மையில் உதவுமா?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காட்டுக் கரையில் கூட்டம் கூடிவிடும். ஏவுதளம் வடக்கே 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முதலில் ஏரிக்கு அப்பால் வெளிச்சம் எழும். சத்தம் உடனே வராது. ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் அந்த உறுமல் வந்து சேரும். பிள்ளைகள் கைதட்டிக் கத்துவார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தவன், உறுமல் வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு மணலில் சுருண்டுவிடுகிறான். அம்மா தூக்கப்போனால் உதறுகிறான். வீட்டில் மிக்ஸி ஓடினாலும் இதே கதைதான். சட்டையின் கழுத்து லேபிளை வெட்டி எடுத்தால்தான் போட்டுக்கொள்வான். ஆனால் முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வந்தாலும் அழ மாட்டான்.

“ரொம்ப அடம். நாலு போடு போட்டா சரியாயிடும்” என்பார் உறவுக்காரர் ஒருவர். “மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஏதோ ஊஞ்சல்ல வெச்சு ஆட்டுறாங்களாம், நல்லா ஆயிடுதாம்” என்பார் இன்னொருவர்.

முதல் ஆள் சொல்வது தப்பு என்று சொல்லிவிடலாம். இரண்டாவது ஆள் சொல்வதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் சொல்லும் ஊஞ்சலுக்குப் பெயர் ‘சென்சரி இன்டகிரேஷன் தெரபி’. தமிழில் புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை. சென்னையில் சிறப்புக் குழந்தைகளுக்கான மையங்களின் பெயர்ப்பலகையில் இன்று சர்வசாதாரணமாகப் பார்க்கிற பெயர். இது என்ன, எவ்வளவு நம்பலாம், பழவேற்காடு மாதிரி ஓர் ஊரிலிருந்து இதற்காக எவ்வளவு தூரம் அலையலாம்?

அடம் இல்லை, அளவுச் சிக்கல்

தமிழக அரசின் ஆவணங்களில் ஆட்டிசத்துக்குப் ‘புற உலகச் சிந்தனையற்ற நிலை’ என்றொரு பெயர் உண்டு. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பல குழந்தைகளின் நிலைமை இதற்கு நேர் எதிர். புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வந்து கொட்டுவதுதான் அவர்கள் பிரச்சினை.

நமக்கு ஐம்புலன் என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்னும் மூன்றைச் சேர்ப்பார்கள். ஒன்று, உள்காதில் இருக்கும் சமநிலைப் புலன். படகு ஆடும்போது நாம் விழாமல் நிற்பது அதனால்தான். இரண்டு, தசைகளும் மூட்டுகளும் மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் தகவல். மூன்று, பசி, வலி, மூத்திரம் முட்டுவது மாதிரி உடம்புக்கு உள்ளேயிருந்து வரும் செய்திகள்.

இரண்டாவது புலனைப் புரிந்துகொள்ளப் பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்தால் போதும். வலை கிடையாது. கலங்கிய தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்துகொண்டே, சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். கை எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. விரல் எவ்வளவு மடங்கியிருக்கிறது, எவ்வளவு அழுத்தினால் இறால் நழுவாது, நசுங்காது என்பதைத் தொடுபுலனும் தசைப் புலனும் சேர்ந்து சொல்கின்றன. அந்தப் பெண்களுக்கு இது வருடக்கணக்கில் பழகிய திறமை. ஆனால் நாம் எல்லோருமே சட்டைப் பொத்தான் போடும்போது இதன் சின்ன வடிவத்தைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் இந்தத் தகவல்களின் ‘வால்யூம்’ வேறு மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது. சிலது அலறும், சிலது கேட்கவே கேட்காது. மிக்ஸி சத்தம் தாங்காத அதே பையனுக்கு முழங்கால் காயம் உறைக்காது. இன்னொரு குழந்தை ஓடிக்கொண்டே, குதித்துக்கொண்டே, சுவரில் மோதிக்கொண்டே இருக்கும். அதன் உடம்பு இன்னும் இன்னும் என்று தூண்டலைத் தேடுகிறது. ஒரே குழந்தையிடம் மூன்றும் இருக்கலாம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மாறவும் செய்யலாம்.

இது சும்மா சொல்கிற கதை இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு 2013-ல் ஐந்தாம் பதிப்பாக வந்தபோது, புலன் தூண்டல்களுக்கு அளவுக்கு அதிகமாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்த்தது. இந்தியாவில் ஆட்டிசம் சான்றிதழுக்குப் பயன்படும் 40 கேள்விகள் கொண்ட ‘ஐசா’ அளவுகோலில், ஆறு பகுதிகளில் ஒன்று முழுக்கப் புலன்கள் பற்றியது. அதே சமயம், லேபிள் உறுத்துகிறது என்று சொல்கிற குழந்தைக்கெல்லாம் ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பேச்சு, பழகும் விதம், திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள் எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் சொல்வார். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது காது கேட்கும் திறன் பரிசோதனை.

ஊஞ்சல் எங்கிருந்து வந்தது?

ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணிதான் தொடக்கம். 1920-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், உளவியலும் படித்தவர். கற்றலில் சிரமப்படும் குழந்தைகளைக் கவனித்தபோது, பாடம் ஏறாததற்குக் காரணம் புத்தியில் மட்டும் இல்லை, புலன்களிலிருந்து வரும் தகவல்களை மூளை கோத்துக்கொள்ளும் விதத்திலும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1972-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார். 1988-ல் இறந்துவிட்டார். அவர் வழியில் முறையாகச் செய்யப்படும் சிகிச்சைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அந்த முறையில் என்ன நடக்கும்? பயிற்சி பெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முதலில் குழந்தையை மதிப்பிடுவார். பிறகு தொங்கும் ஊஞ்சல், ஏறும் சாதனங்கள், மெத்தை, பல வகைத் துணிகள், மணல், பந்துகள் உள்ள அறையில் விளையாட்டு. விளையாட்டை வழிநடத்துவது பெரும்பாலும் குழந்தைதான். தெரபிஸ்ட் வேலை, சவாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. ரொம்பச் சுலபமாகவும் இருக்கக் கூடாது, அழுது ஓடும் அளவுக்கும் போகக் கூடாது. நன்றாகச் செய்தால் பார்க்கிறவருக்கு ‘இதுக்கா காசு குடுத்தோம், சும்மா விளையாடுறாங்க’ என்றுதான் தோன்றும்.

இதே பெயரில் வேறு பலவும் விற்பனைக்கு வருகின்றன. உடம்பில் பிரஷ் தேய்ப்பது, எடை வைத்த ஜாக்கெட், எடைப் போர்வை, கலர் விளக்கு எரியும் இருட்டு அறை. இவை அயர்ஸ் முறை இல்லை. எடைப் போர்வையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2014-ல் பிரிட்டனில் 67 குழந்தைகளிடம் சோதித்தார்கள். குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் போர்வை பிடித்திருந்தது. தூக்கம் மட்டும் கூடவில்லை. தானாக விலக்க முடியாத குழந்தைக்கு அது ஆபத்தும்கூட. 2008-ல் கனடாவின் கியூபெக்கில் எடைப் போர்வைக்குள் சுற்றப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன் இறந்தே போனான்.

சரி, வேலை செய்யுதா?

நேராகச் சொன்னால்: சில குழந்தைகளுக்கு, சில விஷயங்களில், ஓரளவு. அதற்கு மேல் யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012-லேயே ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தச் சிகிச்சையை மொத்தத் திட்டத்தின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆதாரம் குறைவு என்பதைப் பெற்றோரிடம் மருத்துவர்கள் சொல்லிவிட வேண்டும் என்றது. 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 32 குழந்தைகள். சிகிச்சை பெற்றவர்களுக்கு பத்து வாரத்தில் 30 அமர்வுகள். பெற்றோருடன் சேர்ந்து முன்கூட்டியே குறித்துவைத்த இலக்குகளில் அவர்கள் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள். உடை உடுத்துவது, குளிப்பது போன்ற வேலைகளுக்கு அடுத்தவர் உதவி குறைந்தது. 2020-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் தொகுத்த அறிக்கை, ஆட்டிசத்துக்கு ஆதாரமுள்ள 28 முறைகளில் அயர்ஸ் முறையையும் சேர்த்தது.

நல்ல செய்திதான். ஆனால் 2022-ல் பிரிட்டனிலிருந்து இன்னும் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. 4 முதல் 11 வயது வரை 138 குழந்தைகள். ஒரு குழுவுக்கு 26 வாரத்தில் 26 அமர்வு, மறுகுழுவுக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாத முடிவில் எரிச்சலும் கொந்தளிப்பும் குறைந்ததா என்று பார்த்தபோது இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. சிகிச்சை பெற்ற குழுவில் சொந்த இலக்குகளில் முன்னேற்றம் தெரிந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள்.

இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தால் எனக்குப் புரிவது இதுதான். ‘பல் தேய்க்கவிட வேண்டும்’, ‘பள்ளிப் பேருந்தில் காதைப் பொத்தாமல் உட்கார வேண்டும்’ மாதிரி சின்ன, தெளிவான இலக்கு இருந்தால் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. ‘பையன் சாந்தமாகணும்’, ‘பேச்சு வரணும்’ என்று போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பேச்சுக்கும் பழக்கத்துக்கும் வேறு வழிகள் உள்ளன. குழந்தையோடு எப்படி விளையாடுவது, அதன் சைகைக்கு எப்படிப் பதில் சொல்வது என்று பெற்றோருக்கே சொல்லிக்கொடுக்கும் முறை அதில் ஒன்று. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் செய்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற பணியாளர்களே இதை வீடு தேடிப் போய்க் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோர், குழந்தை இருவரின் உரையாடலிலும் நல்ல மாற்றம் தெரிந்தது.

பழவேற்காட்டிலிருந்து ஒரு கணக்கு

இப்போது அந்த 30 அமர்வுகளைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுவருவோம்.

ஊரிலிருந்து பொன்னேரிக்குப் பஸ். பொன்னேரியிலிருந்து மீஞ்சூர், எண்ணூர் வழியாகச் சென்னைக்கு மின்சார ரயில். அங்கிருந்து இன்னொரு பஸ் அல்லது ஆட்டோ. பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கும் முட்டுக்காடு என்றால், சென்னையின் இன்னொரு முனையையும் தாண்ட வேண்டும். மொத்தம் 90 கிலோமீட்டர் அளவுக்கு வரும். சொந்த மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்குப் போகலாமே என்றால், அது வேறு ரயில் பாதை. ரயிலில் போவதென்றால் சென்னைக்கு வந்துதான் மாற வேண்டும்.

ஆக, ஒரு மணி நேர அமர்வுக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். வாரம் மூன்று என்றால் பத்து வாரத்தில் 30 நாள். அம்மா மீன் விற்கப் போகிறவர் என்றால் 30 நாள் வியாபாரம் இல்லை. மூத்த பிள்ளை பள்ளி விட்டு வரும்போது வீட்டில் ஆள் இல்லை. இதில் சத்தம் தாங்காத குழந்தையை நெரிசல் ரயிலில் இரண்டு தடவை ஏற்றி இறக்குவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மையத்தில் ஒரு மணி நேரம் சேர்த்ததை, திரும்பி வரும் வழியிலேயே தொலைத்துவிடலாம்.

தாலியை அடகு வைத்தாவது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு பெற்றோருக்கு வரும். அதைக் கிண்டல் செய்ய முடியாது. ஆனால் மேலே சொன்ன ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், இந்தச் சிகிச்சைக்காக அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை, ஊரைக் காலி செய்து நகரத்துக்குக் குடிபோக வேண்டியதும் இல்லை. என் யோசனை வேறு. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் ஒன்றிரண்டு முறை நிதானமாக மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். வீட்டில் என்ன செய்யலாம் என்று எழுதி வாங்குங்கள். பிறகு மாதம் ஒரு தடவை நேரிலோ வீடியோ காலிலோ சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு வேலை செய்தால் அந்த முதல் சந்திப்பே பாதி பலன் தரும். குழந்தை கொந்தளிக்கும் ஒவ்வொரு முறையும் போனில் குறித்துவையுங்கள். மணி என்ன, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எதனால் அடங்கியது. ‘எப்பவும் அழுவான்’ என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். குறிப்பைப் பார்த்தால், பசி நேரமும் டிவி சத்தமும் சேரும்போது மட்டும் என்று தெரியவரலாம். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று மாறினால் புலனைத் தேடிப் போகாதீர்கள். காது வலி, பல் வலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் பாருங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை அதை வேறு எப்படிச் சொல்லும்?

வீட்டிலேயே இருக்கிற சாமான்கள்

வெளிநாட்டு கேட்டலாக்கில் ‘கக்கூன் ஸ்விங்’ என்று ஒரு துணி ஊஞ்சல் போட்டிருப்பார்கள். குழந்தையை எல்லாப் பக்கமும் இறுக அணைத்துக்கொண்டு ஆடும். நம் ஊர்க்காரர்களுக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. உத்தரத்தில் அம்மாவின் பழைய புடவை: தூளி. கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்குத் தாழ்வாக, எடை தாங்கும் கொக்கியில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் கட்டலாம். துணி கழுத்தில் சுற்றாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். வலிப்பு வரும் குழந்தைக்கு எந்த ஊஞ்சலும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

தசைகளுக்கு வேலை கொடுப்பது பல குழந்தைகளைச் சமனப்படுத்துகிறது என்பது தெரபிஸ்ட்களின் அனுபவம். ஏரிக்கரை ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. மணல் வாளியைத் தூக்கிப் போவது, நனைந்த வலையை அப்பாவோடு சேர்ந்து இழுப்பது, சின்னக் குடத்தில் தண்ணீர் கொண்டுவருவது. பள்ளிக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் இப்படி ஒன்று செய்து பார்க்கலாம். சேற்றைத் தொட அருவருக்கும் குழந்தையின் கையைப் பிடித்து அழுத்தாதீர்கள். முதலில் காய்ந்த மணல், பிறகு ஈர மணல், நேரமும் வேகமும் அதன் விருப்பம். சாப்பாடும் அப்படியே. சோறும் குழம்பும் பிசைந்தால் வாயில் வைக்காத குழந்தை, தனித்தனியாக வைத்தால் சாப்பிடலாம். பிசைந்துதான் சாப்பிட வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

கரையோரக் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு. வீட்டிலிருந்து சொல்லாமல் நழுவிப் போகும் பழக்கமும் சேர்ந்தால், மூழ்கி இறக்கும் ஆபத்து மற்ற குழந்தைகளைவிடப் பல மடங்கு அதிகம் என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் முகத்துவாரம் என்று இருக்கும் கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் போன்ற ஊர்களில் எந்த ஊஞ்சலுக்கும் முன்னால் வர வேண்டியது இதுதான். கதவுக்குக் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். படகுத்துறையில் இருப்பவர்களிடம், ‘இவன் தனியா வந்தா நிறுத்துங்கண்ணே, கூப்பிட்டா திரும்ப மாட்டான், கையைப் பிடிங்க’ என்று ஒரு வார்த்தை. கூடவே, சீக்கிரமே நீச்சல்.

யாரிடம் கேட்பது?

பழவேற்காடு மீஞ்சூர் ஒன்றியத்தில் வருகிறது. பக்கத்திலேயே இருக்கும் கதவு என்றால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் வட்டார வள மையம். மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் இந்த மையங்களின் கீழ்தான் பள்ளிகளுக்கு வருகிறார்கள். மருத்துவ முகாம் பற்றிய தகவலும் அங்கே கிடைக்கும். குழந்தை அங்கன்வாடிக்குப் போகிறது என்றால், தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வரும் நாளைக் கேட்டுவையுங்கள். 2013-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில், வளர்ச்சித் தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கட்டணம் கிடையாது.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. 40 சதவீதமோ அதற்கு மேலோ சான்றிதழ் இருந்தால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி உரிமை. குழந்தையின் தேவைக்கேற்ப நியாயமான மாற்றங்களைச் செய்துதரும் பொறுப்பு பள்ளிக்கு இருக்கிறது. மணி அடிக்கும் இடத்திலிருந்து தள்ளி ஒரு இருக்கை, பிரேயர் மைக் சத்தத்தின்போது வகுப்பிலேயே இருக்க அனுமதி, கொந்தளிப்பு வரும்போது ஒதுங்க ஒரு மூலை. இதற்கெல்லாம் பைசா செலவில்லை. சான்றிதழ் இருந்தால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் சேர்த்து, பெற வழி உண்டு. சம்பளக்காரப் பெற்றோருக்கு இன்னொன்று: பழைய வருமான வரி முறையில் இருந்தால், 80டிடி பிரிவில் 75,000 ரூபாயும் கடுமையான குறைபாடு என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம்.

தெரபிக்கு ஆளை அழைப்பதற்குப் பதிலாக, ஆள் இருக்கும் இடத்துக்குத் தெரபியைக் கொண்டுபோகவும் முடியும். தென்காசி ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இதைக் கிராமங்களில் செய்துவருகிறது. உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து பயிற்சி தருகிறார்கள்; நிபுணர்கள் ஒரு செயலி வழியாகப் பின்னால் நின்று வழிகாட்டுகிறார்கள். உலக வங்கி உதவியுடன் நடக்கும் தமிழக அரசின் ‘உரிமைகள்’ திட்டமும் ‘விழுதுகள்’ மையங்கள் மூலம் இந்தச் சேவைகளை ஊர்ப்பக்கம் கொண்டுவர முனைகிறது. ஏரிக்கரைக் குப்பங்கள் வரை அது எப்போது வந்து சேரும் என்று கிராம சபையில் எழுந்து கேட்கலாம்.

தனியார் மையம்தான் என்று முடிவு செய்தால் மூன்று கேள்வி போதும். செய்பவர் ஆக்குபேஷனல் தெரபி பட்டம் படித்தவரா? என் பிள்ளைக்கு நீங்கள் குறிக்கும் இலக்கு என்ன, எழுதித் தர முடியுமா? பத்துப் பன்னிரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுவோமா? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் ஆறு மாத பேக்கேஜுக்கு முன்பணம் கட்டாதீர்கள். பெற்றோரை உள்ளே விடாமல் கதவைச் சாத்தும் இடத்திலும்தான்.

ராக்கெட் சத்தத்தால் சுருண்ட அந்தப் பையனுக்கு வருவோம். கோயில் திருவிழா லவுட் ஸ்பீக்கரைப் போல இஸ்ரோ திடீரென்று ஆரம்பிப்பதில்லை. நாளும் நேரமும் முன்கூட்டியே தெரியும். இந்தக் கடல் பகுதிக்குள் போகாதீர்கள் என்று மீனவர்களுக்கு அறிவிப்பும் வரும். காலண்டரில் அந்த நாளில் ஒரு ராக்கெட் படம் ஒட்டலாம். தினமும் போனில் அதன் வீடியோவைச் சத்தம் ரொம்பக் குறைத்துப் போட்டு, அவன் ஒப்புக்கொண்டால் ஒரு புள்ளி கூட்டலாம். அன்றைக்கு, காதை மூடும் ஹெட்போனோடு வீட்டு வாசலிலேயே நிற்கலாம். வெளிச்சம் தெரிந்ததும் அவனோடு சேர்ந்து எண்ணத் தொடங்குங்கள். தொண்ணூறு வரை நேரம் இருக்கிறது.